இரும்பு போடாத குடுவை

சேர்மங்களைச் சோதிக்கும் என்எம்ஆர் மெஷின் அறைக்கு வெளியே கிடக்கும் இந்த பெஞ்சிலேயே என் வயதில் பாதி போய்விட்டது. உள்ளே போய் உட்காரலாம், ஏசி இருக்கிறது, ஆபரேட்டர் இருதயராஜ் அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் இன்றைக்கு முடியாது, கோட்டுப் பையில் பெல்லட் இருக்கிறது. விரல் நுனி அளவு காந்தம், வெள்ளை டெஃப்லான் உறை போட்டது, குடுவைக்குள் போட்டால் அடியில் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கும், எந்த லேபிலும் டப்பா டப்பாவாகக் கிடக்கும், யாரும் அதை ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. காந்தம் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் பெரிய காந்தம் பையோடு பிய்த்து இழுத்துக்கொள்ளும். எனவே நான் வெளியே. வெளியே நிற்பது எனக்கென்ன புதிதா. கண்ணாடி வழியாக அண்ணனுடைய முதுகு தெரிகிறது, முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார், என் சாம்பிள் குழாயை மெஷினுக்குள் இறக்கிவிட்டாரா இல்லையா தெரியவில்லை, கேட்டால் கத்துவார். சற்றுமுன் கதவைத் தட்டியதற்கே, "போட்டாச்சும்மா, வரிசைல நிக்கு. ஆயுத பூஜை அன்னைக்குமா உயிர எடுப்ப? எல்லாரும் பொரி கடலை வாங்கப் போயாச்சு, நீ ஒருத்திதான் ஸ்பெக்ட்ரம் ஸ்பெக்ட்ரம்னு நிக்க" என்றார். நான் சிரித்துவைத்தேன். கட்டடம் முழுக்க பினாயில் வாசனை, வராந்தாவில் வாழைக்கன்று இழுத்துப்போன ஈரத் தடம், எங்கள் லேபில் ரோட்டாவேப் மெஷினுக்கும் ஹாட்பிளேட்டுக்கும் சந்தனம் பூச ஜூனியர் ஷைனி கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தாள், நான் அதைத் தாண்டித்தான் வந்தேன், தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பழக்கம்.

ஒரு கோடு. அவ்வளவுதான், ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன். ஃபுளோரின் ஒட்டியிருக்கும் சேர்மம் ஒரு கோடாகத் திரையில் விழும், பக்கத்தில் சாட்சிக்காக நானே கலந்துவிட்ட வேறொரு சேர்மத்தின் கோடு, சாட்சி எப்போதும் இருக்கும், மற்றது காணாமல் போயிருந்தால் ஃபுளோரின் கழன்றுவிட்டது என்று அர்த்தம். கழற்றுவது லேசில்லை. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்துவிட்டால் பிரிக்கிறது குதிரைக்கொம்பு, மாவு ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருப்பதும் அந்தப் பிணைப்புதான், என் பையில் இருக்கிற இந்தப் பெல்லட்டின் உறையும் அதேதான், சூடு, அமிலம், காரம் எதற்கும் அசையாது. இடையில் ஓர் உலோகம் புக வேண்டும். நிக்கல் புகுந்தால் பிரியும், அது எங்கள் சாருக்குப் பாடம் எடுத்த சார் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி, நிக்கலுக்கு இப்போது யாரும் கை தட்டமாட்டார்கள். இரும்பு புகுந்து பிரித்தால்தான் பேச்சு. தெருவில் கிடக்கும் இரும்பு, துருப்பிடிக்கும் இரும்பு, அது இந்தப் பிணைப்பை உடைக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னது எங்கள் லேப், சொன்னவன் எனக்கு சீனியர் கிருபாகரன், சொல்லிவிட்டு ஜெர்மனிக்குப் போனான், அதை நீட்டி முழக்கி ஆய்வேடாக எழுதக் கிடைத்தவள் நான், வடிவாம்பாள், வடிவு, கைராசி இல்லாதவள்.

கிருபாகரன் செய்தால் வரும். நான் செய்தால் வராது. அதே இரும்பு உப்பு, அதே பாட்டில், அதே கரைப்பான், அவன் எழுதிவைத்துவிட்டுப் போனதை வரி பிசகாமல் செய்தேன், ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால் சொட்டுச் சொட்டாக, ஐஸில் வைக்கச் சொன்னால் ஐஸில், எல்லாம் செய்து கடைசியில் இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் திரையில் அந்தக் கோடு கொழுக்கட்டை மாதிரி அப்படியே நிற்கும். முதல் வருஷம் என் கைடு அருணகிரி சார் கரைப்பானில் ஈரம் இருக்கும் என்றார். இரண்டாம் வருஷம் காற்று புகுந்திருக்கும் என்றார். அப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டார், அவருக்கு அலுத்துவிட்டது, லேப் முழுக்க இருக்கும்போது சிரித்துக்கொண்டே, "சில பேருக்குக் கைராசி அப்படி வடிவு. கிருபா கை வச்சா தண்ணியக்கூட ரியாக்ட் பண்ண வச்சிருவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது, நான் எதற்குச் சிரித்தேன். கெமிஸ்ட்ரி படித்த மனுஷன், எலக்ட்ரான் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று போர்டு போர்டாக அம்புக்குறி போடுகிற மனுஷன், கைராசி என்கிறார். போன வருஷப் பூஜையில் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போனேன், "வடிவு, நீ சும்மா இரும்மா, ஷைனி வைக்கட்டும், இந்த வருஷமாவது மெஷினெல்லாம் ஒழுங்கா ஓடட்டும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டாகச் சொல்கிறவர்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடிவதில்லை, கோபமாகச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது கேட்கலாம்.

அவருக்குத் தெரியாது, அதே வார்த்தையை வீட்டில் எனக்கு ஏற்கெனவே சூட்டியாயிற்று என்று. நிச்சயம் முடிந்து வாரம் திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், சர்க்கரை, கொதிப்பு, சிகரெட் எல்லாம் இருந்த மனிதர், ஆனால் அவரைச் சாகடித்தது நான் தட்டை வாங்கிய நேரம். பெண் ராசி சரியில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா அழுதாள், சண்டை போட்டாள், அந்த வீட்டுக்காரர்களை நாலு தலைமுறைக்குத் திட்டினாள், நானும் அவள் என் பக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கூடப்பிறந்த அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு நான் அடுப்புப் பக்கம் போனபோது அதே அம்மா என் தோளைத் தொட்டு, "நீ வேண்டாம்ட்டீ, மதினி காய்ச்சட்டும். நீ போய் எலை போடு" என்றாள். குரலில் அத்தனை பிரியம். நான் போய் இலை போட்டேன். ஒரு இலைகூடக் கிழியாமல் போட்டேன். யாருக்கும் தெரியாத விஷயம், அன்றைக்கு மறுநாள் லேபுக்கு வந்து ரியாக்‌ஷன் போடும்போது என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முதுநிலையில் தங்கப்பதக்கம் வாங்கிய கை, உள்ளங்கையில் அசெட்டோன் பட்டு வெளுத்த தோல், ஒருவேளை இருக்குமோ என்று நினைத்தேன். நினைத்தேனே. அந்த ஒரு நிமிஷத்துக்காக இவர்கள் யாரையும் விடமாட்டேன்.

பெல்லட் பையில் உருள்கிறது, விரல் தானாக அதன் கீறலைத் தேடிப் போய் நிற்கிறது. போன வாரம் பூஜைக்காக லேபை ஒழிக்கும்போது உடைந்த டெசிக்கேட்டர் ஜாடிக்குள் கிடந்தது, ஓரம் கறுத்து, நடுவில் நகத்தால் கீறினது போல ஒரு வெடிப்பு. ஷைனி பார்த்ததும் துள்ளினாள், "அக்கா, இது கிருபாண்ணனோட ராசிப் பெல்லட்டுல்லா! இத யாரையும் தொட விடமாட்டாவ, அவிய ரியாக்‌ஷன் எல்லாம் இதுலதான்!" எனக்கும் நினைவு வந்தது, அவன் அதைத் தனியாக ஒரு சிமிழில் வைத்திருப்பான், பரீட்சைக்கு ஒரே பேனாவைக் கொண்டுபோகிற பையன்கள் மாதிரி. வேடிக்கைக்குத்தான் போட்டேன். சத்தியமாக வேடிக்கைக்கு. மறுநாள் காலையில் திரையில் கோடு இல்லை. சாட்சியின் கோடு மட்டும் ஒற்றையாக நிற்கிறது, பக்கத்தில் வெறும் தரை. நான் இருதயராஜ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தார். சார் லட்டு வாங்கி வரச் சொன்னார். "பாத்தியா, கை தெறந்துட்டு! இன்னும் நாலஞ்சு உதாரணம் பண்ணி எழுதிக் குடு, நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள உன்ன டாக்டர் ஆக்கிட்டுப் போறேன்." அவர் போய்விட்டால் எனக்கு வேறு கைடு கிடையாது, பதிவுக் காலத்தையும் ஏற்கெனவே நீட்டியாயிற்று, இனி நீட்ட ஒன்றுமில்லை, அதனால் அந்த லட்டு எனக்கு இனித்தது, மறைக்க வேண்டியதில்லை, நன்றாகவே இனித்தது. ராத்திரி படுக்கும்போதுதான் உறுத்தியது. புதுப் பெல்லட் போட்டால் வரவில்லை, இது போட்டால் வருகிறது, அப்படியானால் வேலை செய்வது எது.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்காமல் இருக்கிறவர்கள்தான் ஜெர்மனிக்குப் போகிறார்கள். இந்த மாதிரிப் பெல்லட்டின் உள்ளே இருக்கும் காந்தம் வெறும் இரும்பு இல்லை, அலுமினியம், நிக்கல், கோபால்ட் எல்லாம் உருக்கிச் சேர்த்தது, டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறான், நிக்கல். உறை முழுசாக இருக்கும்வரை அது உள்ளே கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. உறையில் கீறல் விழுந்தால்? ஒவ்வொரு ரியாக்‌ஷன் முடிந்ததும் குடுவையில் அமிலம் ஊற்றுகிறோம், அமிலம் கீறல் வழியாக உள்ளே போய்க் காந்தத்தைக் கொஞ்சம் தின்கிறது, நிக்கல் உப்பு அந்த வெடிப்பில் தங்குகிறது, கிருபாகரன் அதை அசெட்டோனில் ஒரு அலசு அலசிச் சிமிழில் வைக்கிறான், அடுத்த முறை அது போய் வேலையைச் செய்கிறது. மேலே இரும்பை அள்ளிப் போட்டுவிட்டு, அடியில் நிக்கல் சுற்றிச் சுற்றி உழைத்திருக்கிறது. இத்தனையும் என் ஊகம்தான், ஊகத்துக்கு மரியாதை கிடையாது, அதனால் நேற்று ஒரு குடுவை வைத்தேன். எல்லாம் போட்டேன், இரும்பை மட்டும் போடவில்லை. ராசிப் பெல்லட்டைப் போட்டேன். அந்தக் குடுவையிலிருந்து எடுத்த குழாய்தான் உள்ளே இருக்கிறது, கோடு இருந்தால் வேலை செய்வது இரும்பு, போயிருந்தால் பெல்லட்.

எனக்கு எது வேண்டும். அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கோடு அப்படியே இருக்கட்டும், இரும்பு இல்லாமல் நடக்கவில்லை என்று ஆகட்டும், ஆய்வேடு நிற்கும், பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வரும், வீட்டில் அண்ணன் பத்திரிகையில் போட்டோ போடுவான், ஆனால் அப்படியானால் இத்தனை வருஷமும் தப்பு என் கையில்தான் இருந்தது என்று ஆகும். கோடு போயிருக்கட்டும், அப்போது என் கையில் தப்பில்லை, ஒருநாளும் இருந்ததில்லை, நான் செய்தது எல்லாமே சரி, வராததுதான் சரி, வந்ததுதான் தப்பு, ஆனால் ஆய்வேடு மண்ணாகப் போகும். கை வேண்டுமா பட்டம் வேண்டுமா. வேறு யாருக்காவது இப்படி ஒரு கணக்கு வருமா. கோடு இருக்கட்டும், சாமி. இல்லை, இருக்க வேண்டாம். இருக்கட்டும். வராந்தாக் கோடியில் யாரோ பூசணிக்காயை உருட்டி வருகிறார்கள், உடைக்கிறதற்கு, திருஷ்டி கழிய, ரசாயனத் துறைக்கு யார் கண் பட்டதோ.

"எம்மா வடிவு!" கதவு திறக்கிறது, ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறது. "வந்துட்டு, பாரு. அன்னைக்கு மாதிரியே சுத்தமா இருக்கு, ஒத்தக் கோடுதான். இனும உனக்கு நல்ல நேரந்தான், போ. பொரி குடுத்தா எனக்கும் ஒரு கவர் எடுத்து வை, என்ன?" தாள் இன்னும் சூடாக இருக்கிறது. சாட்சியின் கோடு. பக்கத்தில் வெறும் தரை. இரும்பு போடாத குடுவை. கிருபாகரனின் இரும்பு எந்தக் காலத்திலும் ஒரு பிணைப்பையும் உடைத்ததில்லை. நான் அண்ணனுக்குத் தலையாட்டுகிறேன், கால் தானாக நடக்கிறது, உடம்பெல்லாம் ஒரு மாதிரி லேசாக இருக்கிறது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, என் கை நல்ல கை, என் கை நல்ல கை, மாடிப்படியில் இதையே சொல்லிக்கொண்டு ஏறுகிறேன், சாரிடம் காட்ட வேண்டும், அவர் பார்க்க வேண்டும், பட்டம் போனால் போகிறது, அவர் வாயால் ஒரு தரம் உன் கையில் தப்பில்லை வடிவு என்று சொன்னால் போதும்.

சார் பட்டு வேட்டியில் இருக்கிறார், நெற்றியில் பளிச்சென்று விபூதி. தாளை நீட்டினேன். இரும்பு போடவில்லை சார் என்றேன். கீறலைச் சொன்னேன், நிக்கலைச் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது, புரிய எவ்வளவு நேரம், கெட்டிக்கார மனுஷன்தானே. மின்விசிறி சத்தம். வெளியே ஷைனி மணியைத் துலக்கி அடித்துப் பார்க்கிறாள். "யார்ட்டயாவது சொன்னியா?" என்றார். "இல்ல சார்." தாளை நான்காக மடித்தார். "நிக்கல்னு எழுதினா யார் பட்டம் குடுப்பா? எங்க வாத்தியார் காலத்துச் சமாச்சாரம். அந்தப் பையன் வேலையும் போகும், என் பேரும் போகும், நீயும் வீட்டுக்குப் போவே. இங்க பாரு, நீ இரும்பும் போடுறே, இந்தப் பெல்லட்டும் போடுறே. போட்டதத்தானே எழுதப்போறே? இதுல பொய் எங்க இருக்கு?" இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு, பிச்சைக்காரி மாதிரி. "அப்போ என் கையில..." என்று நானே ஆரம்பித்துக் கொடுத்தேன், வெட்கம் கெட்டு. அவர் சிரித்தார், மனசார, ஆச்சரியமாக, ஒரு பெரிய விஷயம் கண்டுபிடித்தவர் போல. "அதத்தான் நானும் நினைக்கேன். பாத்தியா, அவன் கை பட்டதுக்கே அந்த ராசி! அவன் போய் இத்தன வருஷம் ஆகியும் அந்தப் பெல்லட்டு பேசுது பாரு." அப்புறம் எழுந்து என் தலையில் கை வைத்தார். "போ, அதக் கொண்டா. இன்னைக்கு அதுக்கும் ஒரு பொட்டு வச்சிருவோம், பிறகு என் பீரோல இருக்கட்டும், வேணுங்கறப்ப வாங்கிக்க. பொட்டு நீயே வை."

நீயே வை. வராந்தாவில் நடக்கிறேன், நீயே வை, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுப்பார்கள், எல்லோரும் பார்ப்பார்கள், மெஷின் மெஷினாக வைத்துக்கொண்டு போகலாம், டாக்டர் வடிவாம்பாள், அடுத்து வரும் பால் காய்ச்சலுக்கு அம்மாவே கூப்பிடுவாள், மாட்டேன் என்று சொல்ல நான் யார், எனக்கு ஆசை இல்லையா, நாக்கில் ஊறுகிறது ஆசை. லேபில் யாரும் இல்லை, எல்லா ஹாட்பிளேட்டும் கழுத்தில் கதம்பத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் கண்ணாடிப் புனல்களைக் கழுவுவதற்காக ஷைனி கலந்துவைத்த இராஜதிராவகம், பீக்கரில், ஆரஞ்சு நிறத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. தங்கத்தையே கரைக்கும் அமிலம். நிக்கல் எம்மாத்திரம். டெஃப்லான் உறையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கீறல் இருக்கிறதே. நான் பெல்லட்டை இடுக்கியில் எடுத்தேன். என் கை எப்போதும் நடுங்கியதில்லை, யாரும் கவனித்ததில்லை. போட்டேன். அடியில் போய் உட்கார்ந்தது, ஒரு கணம் சும்மா இருந்தது, பிறகு கீறலிலிருந்து ஒரு நூல் போலக் குமிழ்கள், பிறகு நிறைய, ஆரஞ்சு மெல்ல மெல்லக் கலங்கிப் பச்சையாக மாறுகிறது, நிக்கலின் பச்சை, பாடப்புத்தகத்தில் படித்த அதே பச்சை. என் பட்டமும் அதில்தான் கரைந்துகொண்டிருக்கிறது, தெரியும், நன்றாகவே தெரியும். இனி கிருபாகரனே ஜெர்மனியிலிருந்து பறந்து வந்து செய்தாலும் கோடு அப்படியே நிற்கும், அவன் கைக்கும் வராது, என் கைக்கும் வராது.

மணி அடிக்கிறார்கள். வாசலில் நிழல், சார், பின்னால் ஷைனி கையில் சந்தனக் கிண்ணம், அதன் பின்னால் முறுக்குக் கவரோடு இருதயராஜ் அண்ணன், எல்லார் முகத்திலும் சிரிப்பு. "எங்கம்மா பெல்லட்டு?" என்கிறார் சார். "நல்ல நேரம் முடியப்போகுது, கொண்டா."

"கழுவப் போட்டிருக்கேன், சார்."